தூதுவரை அடிக்கக் கூடாது

உலகப் போர் முடிந்த மறுவருஷம் எங்கள் ராயபுரத்து வீட்டில் போர் தொடங்கியது. கீழே, திருநெல்வேலியிலிருந்து வந்து அப்பா வைத்த மளிகைக் கடை. மாடி அறையில் அவருடைய தம்பி, சட்டக் கல்லூரியில் படித்த என் சித்தப்பா. கிறிஸ்தவப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்வேன் என்றார் சித்தப்பா. கூடாது என்றார் அப்பா. அன்றோடு பேச்சு நின்றது.

அப்போது சித்தப்பாவுக்குப் பரீட்சைப் பாடம் சர்வதேசச் சட்டம். சண்டையையும் முறைப்படிதான் நடத்தினார். காரணம் நியாயமாக இருக்க வேண்டும், வேறு வழி இருக்கக் கூடாது, அறிவிக்காமல் தாக்கக் கூடாது. பாரதப் போர் பொழுது சாய்ந்தால் நின்றதையும், எந்தக் காலத்திலோ ஒரு டச்சுக்காரர் போருக்கு நியாயம் எழுதியதையும் ஏழு வயதுப் பெண்ணான என்னிடம் ஒரே மூச்சில் சொன்னார்.

"எதுல ஒத்துப்போகாட்டாலும் எல்லா தேசமும் இதுல ஒத்துப்போச்சு. தூதுவரை அடிக்கக் கூடாது. இனி நீதான் தூதுவர்."

அடிக்கக் கூடாது என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. படியேறி இறங்கிக்கொண்டே இருந்தேன். சித்தப்பாவின் சொல்லைக் கேட்டு அப்பா உறுமுவார்; பிறகு வெல்லத்துண்டு ஒன்றைக் கையில் வைத்து அனுப்புவார்.

ஒரு மத்தியானம் அப்பா, "அவளக் கெட்டுனா எனக்குத் தம்பியே கெடையாதுன்னு அவன்ட்ட போய்ச் சொல்லு" என்றார். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். சித்தப்பா கட்டிலுக்கடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துச் சட்டைகளை அடுக்கத் தொடங்கினார். பதிலுக்காக நான் நின்றுகொண்டே இருந்தேன்.

சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா, பெட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் விஷயத்தைக் கேட்டாள். அம்மா ராயபுரத்திலேயே பிறந்தவள். படியில் நின்று, கடை வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"இன்னா பெரிய மன்சனுங்க நீங்க? இந்தப் பேச்ச ஒரு கொயந்த வாயிலயா சொல்லி அனுப்பிக்கினு கீறீங்க? சொல்றதுன்னா நேரா மூஞ்சப் பாத்து சொல்லுங்க!"

அப்பா ஏறி வந்தார். திறந்த பெட்டியின் முன்னால் நின்றார். முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல அவரால் முடியவில்லை. "சாப்ட்டியாலே?" என்றார். சித்தப்பா அழுதுகொண்டே இல்லை என்று தலையசைத்தார்.

சில மாதங்களில் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆனால் அன்று, எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்தபோது நான் மட்டும் படியில் இருந்து அழுதேன். பேச்சு நின்றிருந்தவரை இரண்டு பேருக்கும் நான் வேண்டியிருந்தது. பேசத் தொடங்கியதும் என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. இதற்குப் போய் அம்மா ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.