மாவு பூசி மூடிய ஊமைச் சட்டி

என் தங்கை தாஜுன்னிசா ஜெயித்ததை எல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டைமேட்டில் அவள் குடியிருக்கும் சந்துக்குள் வராத தண்ணீர்க் குழாயை அலைந்து அலைந்து வரவைத்தாள். பள்ளிக்கூடமே போகாதவள், மகள் யுஸ்ராவைக் கல்லூரி வரை கொண்டுபோனாள். "இவளுக்குக் கைப்பக்குவம் போதாது" என்று ஊரெல்லாம் சொன்ன மாமியார், தன் கடைசி நோன்பில் இவள் காய்ச்சிய கஞ்சியைத்தான் கேட்டு வாங்கிக் குடித்தார். வீட்டுக்காரர் சுஃப்யானின் புகையிலையை மட்டும் அவளால் ஜெயிக்க முடியவில்லை. அது அவர் கன்னத்தில் புற்றாக வந்து உட்கார்ந்தது.

சுஃப்யான் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவர். கன்னத்தில் ஆபரேஷன் முடிந்து கரண்டு வைத்தார்கள். ரேடியேஷனுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். பாதி முடிவதற்குள் வாய் முழுக்கப் புண். மெல்ல முடியவில்லை. சட்டை தோளை விட்டு நழுவும் அளவுக்கு இளைத்துவிட்டார்.

"இப்படியே எடை குறைஞ்சா மிச்சக் கரண்டை உடம்பு தாங்காது, நிறுத்த வேண்டி வரும்" என்றார் டாக்டர். "வயித்துல குழாய் வெச்சுச் சாப்பாடு குடுக்கலாம். வியாழக்கிழமை வாங்க, முடிவு பண்ணிடலாம்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

குழாய் என்றதும் சுஃப்யான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "வாயில திங்காம வயித்துல ஊத்திக்கிட்டு வாழற பொழப்பு எனக்கு வேண்டாம்" என்றார்.

அவருக்கு மாட்டுக்கறி என்றால் உயிர். அதை எப்படியாவது உள்ளே இறக்கிவிட வேண்டும் என்று தாஜு பிடிவாதமாக இருந்தாள். குக்கரில் விசில் விட்டு வேகவைத்தாள். கறி நார்நாராகி அவர் தொண்டையில் சிக்கி, இருமி இருமிக் கண் சிவந்துபோனது. மிக்ஸியில் அடித்துக் கொடுத்தாள். "இது கறியா, சுவத்துக்குப் பூசற சாந்தா?" என்று தள்ளிவிட்டார்.

அப்போதுதான் பரணில் கிடந்த ஸ்லோ குக்கர் ஞாபகம் வந்தது. சுஃப்யானின் தம்பி அனீஸ் சார்ஜாவிலிருந்து கொண்டுவந்தது. உள்ளே கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. மெதுவான சூட்டில் பகலெல்லாம் வேகும். விசில் கிடையாது, சத்தமே கிடையாது. தாஜு அதற்கு ஊமைச் சட்டி என்று பேர் வைத்தாள்.

முதல் தடவை அந்த ஊமைத்தனமே கெடுத்தது. எங்கள் வீடுகளில் அடுப்படிக்குள் யார் நுழைந்தாலும் மூடியைத் திறந்து வாசம் பார்ப்பார்கள். யுஸ்ரா திறந்தாள், நான் திறந்தேன், சத்தமே இல்லையே, வேகிறதா என்று தாஜு நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்தாள். திறக்கத் திறக்கச் சூடு போய், கறி சரியாக வேகவில்லை. சுஃப்யான் ஒரு துண்டை வாயில் வைத்தார், எடுத்தார், தட்டு ஓரத்தில் வைத்தார். அன்றைக்குத்தான் தாஜு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

புதன்கிழமை காலையில் உக்கடத்தில் முன்னங்கால் கெண்டைக் கறியாகப் பார்த்து, எலும்போடு வாங்கிக் கொடுத்தேன். உருளைக்கிழங்கும் கேரட்டும் அடியில் பரப்பினாள்; வேக நேரமாகும் என்பதால். அதற்கு மேல் எலும்பு, கறி, முழுசாகச் சின்ன வெங்காயம், தட்டிய இஞ்சி, ஒரு துண்டு பட்டை. மிளகும் மிளகாயும் புண்ணுக்கு ஆகாது. கறி மூழ்காத அளவுக்குத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு, பிரியாணிக்குத் தம் போடுவதைப் போல, கோதுமை மாவைப் பிசைந்து மூடியைச் சுற்றிப் பூசிவிட்டாள்.

"இனி நானே நெனச்சாலும் திறக்க முடியாதுங்கண்ணா" என்றாள்.

நான் கிணத்துக்கடவில் டெம்போவில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தாஜுதான். "கரண்டு போயிருச்சுங்கண்ணா. மாசாந்திரப் பராமரிப்பாம், சாயங்காலந்தான் வருமாம். பேப்பர்ல போட்டிருந்தாங்களாம், நாங்க பாக்கவே இல்லை. திறந்து அடுப்புல வெச்சா மறுபடி நார் ஆயிரும். நாளைக்கு வியாழக்கிழமைங்கண்ணா."

"எங்க கரும்புக்கடையில கரண்டு இருக்குது கண்ணு. சட்டியைத் துணியில சுத்தி வை. வாரேன்."

பாதி லோடோடு கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது, அவள் சட்டியைப் பழைய போர்வையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கணவரைத் தனியாக விடத் தாஜுவுக்கு மனசில்லாததால், யுஸ்ரா அவரையும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். சுஃப்யான் வண்டியையும் போர்வையையும் பார்த்தார்.

"ஏன் மச்சான், கறிக்கு முன்னாடி சீட்டு, எனக்குத் தேங்காய் மேலயா?" குழறிக் குழறித்தான் கேட்டார்.

"கறிதான் ஒழுங்கா வாயை மூடிக்கிட்டு வருது மாப்பிள்ளை" என்றேன். யுஸ்ரா சிரித்துவிட்டாள். தாஜு சிரிக்கவில்லை. வழி முழுக்க உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. குழிக்குழி ரோட்டில் வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் அந்தச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் சுவிட்சைப் போட்டோம். அடுப்படிக்குள் ஒருத்தரும் போகவில்லை. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து அவள் கத்தியால் மாவை நெம்பினாள். கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்று கிடந்தது. தேங்காய்ப் பாலை ஊற்றி ஒரு சுற்றுக் கலக்கி, ஆறவிட்டுக் கொண்டுபோனாள். சுஃப்யான் துண்டை நாக்கில் வைத்து மேல்வாயோடு சேர்த்து அழுத்தினார். தொண்டைமணி ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை. இன்னொரு துண்டுக்குக் கிண்ணத்தைக் காட்டினார். கிண்ணம் காலியான பிறகும் தாஜு கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் எடை மெஷின் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. இன்னும் குறைந்துதான் இருந்தது. "ஒரு வேளை சாப்பாடு போதாதும்மா. குழாய்தான் வழி" என்றார் டாக்டர்.

சுஃப்யான் டாக்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "வைங்க" என்றார். "வாய் ஆறற வரைக்கும் குழாய். ஆறுனதும் அந்தக் கறியை நான் வாயிலதான் திங்கோணும்."

சம்மதக் காகிதத்தில் மனைவியும் ஒப்பமிட வேண்டும் என்றார்கள். கூட வந்திருந்த சுஃப்யானின் அக்கா பாத்திமுத்து தாஜுவைத் தனியே இழுத்தாள். "வேண்டாம் தாஜு. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, வயித்துல ஓட்டை போடச் சொன்னவன்னு உன்னைத்தான் பேசுவாங்க."

"பேசட்டுங்க மதினி."

நர்ஸ் காகிதத்தை வாசித்துக் காட்டினார். ரத்தம் போகலாம், சீழ் பிடிக்கலாம் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, தாஜு மறுபடி ஒரு தடவை கேட்டுக்கொண்டாள். மைப்பெட்டியை நீட்டியபோது அதைத் தள்ளிவைத்தாள்.

"பேனா குடுங்க சிஸ்டர். கைநாட்டு வெச்சா, விவரம் தெரியாம வெச்சுப்போட்டான்னு சொல்லுவாங்க. நான் தெரிஞ்சுதான் வைக்கச் சொல்றேன்."

கரண்டு வைக்கும் அறைக்கு வெளியே காத்திருந்த நாட்களில் யுஸ்ரா அவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எனக்கே அது அப்போதுதான் தெரியும். 'ஜு'வில் பேனா நின்றது, பிறகு நகர்ந்தது. கோட்டைத் தாண்டித்தான் போனது, ஆனால் ஒரு எழுத்தும் விடுபடவில்லை.

என் தங்கை தாஜுன்னிசா தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2024ஆம் வருஷம் நவம்பர் மாதம் 21ஆம் தேதி, வியாழக்கிழமை.