அண்ணை உதைத்த பந்து

எங்கள் சித்தப்பாவுக்கு மைக் கையில் கிடைத்தால் போதும், ஊரே தன் தோளில் நிற்பதாக நினைப்பு வந்துவிடும். தொண்ணூறாம் ஆண்டு, சண்டை சற்று ஓய்ந்திருந்த மாதங்களில், நீர்வேலியில் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் அவர்தான். நடக்க முடியாத பிள்ளைகளைச் சித்திரை விடுமுறையில் கீரிமலைக்குக் கூட்டிப்போய் முகாம் வைப்பது, அதற்குக் காசு சேர்க்க ஓர் உதைபந்தாட்டப் போட்டி. யோசனை நல்லதுதான். நல்ல யோசனைகளுக்கு அவரிடம் என்றைக்கும் குறைவிருந்ததில்லை.

பிரதம விருந்தினர் பந்தை உதைத்துப் போட்டியைத் தொடக்கிவைப்பது வழக்கம். இந்த முறை அதை என் அண்ணை செய்யவேண்டும் என்றார் சித்தப்பா. இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு காலும் போன அண்ணைக்கு அப்போது பதின்மூன்று வயது.

“எனக்கு ஏலாது சித்தப்பா. சனம் பாக்கும்.”

“பாக்கத்தானே வேணும். பாத்தால்தான் காசு போடுவினம். பிறகு நீ கீரிமலைக் கேணியிலை ஆசைதீரக் கிடக்கலாம்.”

தண்ணீருக்குள் இறங்கினால் கால் தேவைப்படாது என்று யாரோ அண்ணைக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒன்றுக்காக ஓம் என்றார்.

மைதானத்தின் நடுவில் இரண்டு பேர் அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். காற்சட்டைக்குக் கீழே கால்கள் சும்மா தொங்கின. பந்து அசையவில்லை. சித்தப்பா சப்பாத்து நுனியால் அதைத் தட்டிவிட்டு, “உதைச்சிட்டான்” என்று மைக்கில் அறிவித்தார். சனம் கைதட்டியது. பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உண்டியல் நிறைந்தது. எனக்கு ஏழு வயது. எங்கள் அண்ணைக்கு இவ்வளவு கைதட்டா என்று தலைகால் தெரியாமல் குதித்தேன்.

முகாமுக்குப் போகும் நாள் காலையில் அம்மா அவருக்குத் தலை துவட்டப் புதுத் துவாய் மடித்து வைத்தார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வான் வந்தது. இறங்கி வந்த சித்தப்பா அண்ணையின் பக்கம் திரும்பவே இல்லை.

“இவனைத் தூக்கி இறக்க அங்கை ஆளில்லை அண்ணி. பிடிச்சுப் பிடிச்செண்டாலும் நடக்கிற பிள்ளையளைத்தான் ஏத்திறம். அடுத்த வருசம் பாப்பம்.”

“மைதானத்திலை தூக்க ரெண்டு பேர் இருந்தவைதானே,” என்றார் அம்மா.

சித்தப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். வான் போய்விட்டது. ஆனியில் மறுபடி சண்டை மூண்டு, கீரிமலைப் பக்கம் எவருமே போக முடியாமல் போயிற்று. அதனால் சித்தப்பா வாக்குத் தவறியவர் என்ற பெயரும் எடுக்கவில்லை.

வான் போன அன்று பகல் அண்ணை தன்னைக் கிணற்றடிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அம்மா வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். பச்சைத் தண்ணீர் ஒத்துவராதவர், “இன்னும் ஊத்துங்கோ அம்மா, தலையிலை ஊத்துங்கோ” என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் கை ஓய்ந்தபோது பார்த்தேன், அண்ணையின் கண் இரண்டும் சிவந்திருந்தன. சவர்க்கார நுரை பட்டுவிட்டதாக்கும் என்று என் சட்டை நுனியால் துடைக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. அன்று கிணற்றடிக்கு நாங்கள் சவர்க்காரமே கொண்டுபோகவில்லை.