சூப்பர்வைசர் மறைத்த எக்ஸ்ரே சீட்டு

ஓசூரில் ஒரு இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என்னை அங்கே சேர்த்துவிட்ட சூப்பர்வைசர் எங்கள் ஊர்க்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

போன வருடம் எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். எங்கள் பிரிவின் முடிவுச் சீட்டுகளை அண்ணன்தான் வாங்கி வந்தார். "உனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றார். நம்பினேன்.

இந்த வருடம் எக்ஸ்ரே எடுத்த பிறகு தொழிற்சாலை டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "நுரையீரல்ல சின்னப் புள்ளி இருக்கு, மூணு மாசத்துல திரும்ப எடுக்கணும்னு போன தடவையே எழுதினேனே, ஏன் வரலை?"

நேரே அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை. "ஆர்டர் நெருக்கடி. சொன்னா நீ பயந்து லீவு போட்டுடுவே. சின்னதுதானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

டாக்டர் அனுப்பிய பெங்களூர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடப் படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நல்லவேளை, புள்ளி வளரவில்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது என் சீட்டை நானே வாங்கி, புரியும்வரை டாக்டரிடம் கேட்கிறேன். பழைய படங்களைப் பத்திரமாக வைத்து, ஒவ்வொரு முறையும் எடுத்துப் போகிறேன். மனைவியும் கூட வருகிறாள். அண்ணன்மேல் நான் புகார் எழுதவில்லை. ஆனால் மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடிவதில்லை.