கண்ணிமையில் ஒரு முட்டை

மடவளையில் எனக்குச் சேட்டுத் தைத்தவர் ஒல்லியான மனிதர். கழுத்தில் அளவு நாடா, எப்போதும் பாதி மூடிய கண்கள். பனி கடைக்குள்ளேயே வந்து நின்ற ஒரு மார்கழிக் காலையில், அவருடைய மேசைக்கடியில் வெட்டுத்துணிப் பெட்டியொன்றில் கோழி அடை கிடந்தது. அது இரை தின்ன இறங்கியதும் தைத்துக்கொண்டிருந்த என் சேட்டை அப்படியே விட்டுவிட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடிய இமையில் வைத்துப் பார்த்தார். உயிருள்ளது சூட்டை விடாதாம், குளிர்ந்ததை எறிந்துவிடுவாராம். மற்றவற்றை அயன் பெட்டியால் சூடாக்கிய துணியால் போர்த்தினார்.

ஒரு முட்டையில் மட்டும் தயங்கினார்.

"என்ட கண்ணுக்கு வெளங்கல்ல. நீங்க பாருங்க, சூடு ஈக்கா?"

முட்டையை வாங்கி இமையில் வைத்துக் கண்ணை மூடினேன். பனியும் பஸ் சத்தமும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. இமையில் மெல்லிய வெதுவெதுப்பு. அது முட்டையுடையதா, என் கண்ணுடையதா?

"ஓம் நானா, இருக்கு" என்றேன்.

பத்து நாள் கழித்துப் போனபோது கோழி குஞ்சுகளோடு வாசலில் மேய்ந்துகொண்டிருந்தது. என் சேட்டு இன்னும் முடியவில்லை. பெட்டிக்குள் அந்த ஒரு முட்டை மட்டும் சூட்டுத்துணியில் சுற்றிக் கிடந்தது.

"கோழி உட்டுட்டுப் போயிட்டு" என்றார், அயன் பெட்டியைக் கையிலெடுத்தபடி. "நீங்கதானே சூடு ஈக்கிண்டு சொன்னீங்க. நான் எப்படி உடுற?"