வயிற்று வலி என்று எழுதிய பில்

1998 மார்ச் 9, திங்கட்கிழமை. என் டைரியில் இரண்டே வரி: "அப்பாவின் மெடிக்கல் பில் திரும்பி வந்தது. தம்பிக்கு மாத்திரை இன்னும் ஆறு நாளைக்கு."

அப்போது வங்காளிகள் நிறைந்த பெஹாலாவில் குடியிருந்தோம். தம்பிக்கு இருபத்திரண்டு வயது. மூன்று வருடம் பிரவுன் சுகர் போதைப் பழக்கத்தில் கிடந்தவன், நாக்கடியில் வைத்துக் கரைக்கும் ஒரு மாத்திரையின் பலத்தில் ஐந்து மாதமாக அதைத் தொடாமல் இருந்தான். நடுவில் நிறுத்தினால் பழைய இடத்துக்கே போய்விடுவான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சேமிப்பு தீர்ந்துவிட்டது. ஐந்து மாத ரசீதுகளையும் சேர்த்து அப்பா தன் அலுவலகத்தில் போட்ட பில்தான் மிச்சமிருந்த வழி.

அப்பா கணக்குப் பிரிவில் இருந்தார். தேதி மாறியிருந்தால்கூட அடுத்தவர் பில்லைத் திருப்பி அனுப்புகிறவர். அவரே நோய் என்ற கட்டத்தில் 'வயிற்று வலி' என்று எழுதியிருந்தார். மருந்துக்கும் நோய்க்கும் பொருத்தமில்லை என்று பக்கத்து மேஜைக்காரர் சிவப்பு மையில் குறித்திருந்தார்.

சாயங்காலம் தேநீரும் பொரியுமாக உட்கார்ந்திருந்தபோது தம்பி அந்தத் தாளை எடுத்துப் பார்த்தான்.

"ஏம்ப்பா, இந்த மாத்திரை வயித்துக்கே போறதில்லையே. நாக்குலயே கரைஞ்சுடும்."

"ஆபீஸ்ல நாலு பேர் பார்ப்பாங்கடா."

"பார்க்கட்டும். பாடா முழுக்க, தெருவுக்கே தெரியும், உங்க செக்ஷனுக்கு மட்டும் என்ன ரகசியம்? உள்ளதை எழுதுங்கப்பா."

அப்பா புது ஃபாரம் எடுத்தார். போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை, நோயாளி என் மகன் என்று எழுதினார். வழக்கமாக இனிஷியல் மட்டும் போடுகிறவர், அன்று முழுக் கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டில் யாரும் எழுதியதில் அதைவிட நல்ல வரி எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பணத்தோடு வந்தார். "பாஸாயிடுச்சு" என்றார். மாத்திரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 2000 ஜனவரியில் நிறுத்தினார். தம்பி இப்போது சாந்த்ராகாச்சியில் வேலை பார்க்கிறான். அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா 2006-ல் காலமானார். அவர் கோப்பில், உள்ளதை எழுதிய அந்த பில்லின் நகல் இருக்கிறது. பாஸானதற்கான உத்தரவு இல்லை. அதே வாரத் தேதியில், ஆபீஸ் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்ட விண்ணப்பம் ஒன்றின் நகலும் இருக்கிறது. காரணம்: 'வீட்டுச் செலவு'. அந்த வெள்ளிக்கிழமைப் பணம் எதிலிருந்து வந்தது என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.