கடைசிப் பெட்டி

மேம்பாலத்தின் அடிக்கு வந்ததும் அவள் ஒரு புதினா மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொள்வாள். உறையைக் கீழே போடமாட்டாள், கையுறைக்குள் செருகிக்கொள்வாள். பிறகு சைக்கிளின் கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ஏறு தங்கம், ஏறிடலாம்" என்பாள். தங்கம் என்பது சைக்கிள்தான். ஏறுவது என்னவோ அவளுடைய முட்டிகள். மிட்டாய் கரைவதற்கும் பாலத்தின் உச்சி வருவதற்கும் சரியாக இருக்கும்.

உச்சியில் விளக்குக் கம்பத்தில் சாய்ந்தபடி கணவர் காத்திருப்பார். தண்ணீர் குடித்து, முகம் துடைத்து, போகிற வருகிற வண்டிகளை வேடிக்கை பார்த்து, ஆற அமர இளைப்பாறியிருப்பார். அவள் மூச்சு வாங்க மேலே வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றுவாள். ஊன்றினாளோ இல்லையோ, "வந்துட்டியா? சரி, கிளம்பலாம்" என்று பெடலை மிதித்துவிடுவார். இதிலுள்ள அநியாயத்தை அவள் ஒருநாள் பாலத்தில் ஏறும்போதே யோசித்துக் கண்டுபிடித்தாள். சுலபமாக ஏறி வந்தவருக்கு ஓய்வு கிடைக்கிறது. நாக்குத் தள்ள ஏறி வந்தவளுக்கு உட்காரக்கூட நேரமில்லை. இதை அவரிடம் சொன்னபோது, "உனக்காகத்தானே நின்னேன்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். மனிதர் நடிக்கவில்லை. அதனால்தான் மேற்கொண்டு சண்டை போட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு சைக்கிள் ஓட்ட வருகிற ஏழெட்டுப் பேர் அவளுக்குக் 'கடைசிப் பெட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டீக்கடையில் எல்லோரும் தம்ளரைக் காலி செய்திருக்கும் நேரத்தில் அவள் வந்து சேர்வாள். "வந்துடுச்சுப்பா நம்ம கடைசிப் பெட்டி!" என்று ஒரு குரல் எழும். அவள் கோபித்துக்கொள்வதில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "கடைசிப் பெட்டியிலதாங்க கார்டு இருப்பாரு. அவர் பச்சைக் கொடி காட்டலேன்னா உங்க இன்ஜின் ஒரு அடி நகராது, தெரியும்ல?" என்பாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, அவளுடைய டீ பாதி இருக்கும்போதே நகர்ந்துவிடுவார்கள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பார்வையைச் சோதிப்பவர் வேறொருவர். தயாராகி வந்த கண்ணாடியை முகத்தில் ஒழுங்காக உட்கார வைப்பது இவள் பொறுப்பு. ஆளை எதிரே உட்கார வைத்து, முழங்கால் இடிக்கிற தூரத்தில் தானும் உட்கார்ந்துகொள்வாள். "நேரா என்னையே பாருங்க. குனியாதீங்க. காதுக்குப் பின்னாடி உறுத்துதா? கூச்சப்படாம சொல்லுங்க." காதில் மாட்டும் கம்பியைச் சூடு காட்டி ஒரு மயிரிழை வளைப்பாள். இடுப்புப் பையில் கிடக்கும் குட்டித் திருப்புளியை எடுத்து ஒரு கால் திருகு திருகுவாள். உலகத்தில் எவருக்கும் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை என்பது இத்தனை வருட வேலையில் அவள் கண்டது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் காதைக்கூடச் சும்மா விடமாட்டாள். பேச்சு வாக்கில் அளந்துவிடுவாள்.

எல்லாம் முடிந்ததும் வாடிக்கையாளரைக் கடை வாசல் வரை கூட்டி வந்து, தெருவின் எதிர்ப்பக்கத்துச் செருப்புக் கடைப் பலகையைக் காட்டி, "இப்ப தெரியுதா?" என்று கேட்பாள். "ம்" என்று மண்டையை ஆட்டினால் ஒப்புக்கொள்ளமாட்டாள். "தெரியுது" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதுவரை அந்த மனிதர் நகர முடியாது.

பகலெல்லாம் இப்படி முகம் முகமாகப் பார்க்கிறவளுக்கு வீட்டுக்காரரின் முதுகுதான் மனப்பாடம். அவருடைய சட்டையில் வியர்வை எந்த இடத்தில் முதலில் நனைக்கும், எப்போது அது இடுப்புவரை இறங்கும், பின்கழுத்து வெயிலில் எப்படி இரண்டு நிறமாகப் பிரிந்திருக்கிறது, ஹெல்மெட் வாருக்குக் கீழே வலது காது இடது காதைவிட எப்படி ஒரு நெல்லளவு உயர்ந்திருக்கிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. முகத்தைத்தான் சாப்பாட்டு வேளையில் பார்க்கிறாள். அதுவும் அவர் கைப்பேசியைப் பார்த்துக் குனிந்திருக்கும்போது.

பேருந்து நிறுவனத்தில் எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று அட்டவணை போடுகிற உத்தியோகத்தில் இருந்தவர் கணவர். காலையில் போனால் இருட்டியபின் வருவார். மகனும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். இவர் ஓய்வு பெறட்டும், பேச்சுத் துணைக்கு வீட்டில் ஒரு ஆள் இருக்கும் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். வந்த வேகத்தில் சைக்கிளில் ஏறிவிட்டார்.

வெளிநாட்டில் ஒரு நதியோரமாகவே பத்து நாள் சைக்கிளில் போகலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னதும் அவர்தான். "ரெண்டு பேரும் சேர்ந்து போயிட்டு வரலாமே?" என்றார். அவள் 'வெளிநாடு' என்பதைக் காதில் வாங்கவில்லை. 'சேர்ந்து' என்பதைத்தான் வாங்கினாள். பள்ளிக்கூட நாளோடு விட்ட சைக்கிளை ஐம்பத்து மூன்று வயதில், குடியிருப்புக்குப் பின்னாலிருக்கும் காலி மனையில், வேலிச் செடியில் இரண்டு முறை விழுந்து எழுந்து மறுபடி பழகினாள்.

"அக்கா, இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று தங்கை போனில் திட்டினாள்.

"பத்து நாள்டி. டிவி இல்ல, கம்ப்யூட்டர் இல்ல. பக்கத்துல பக்கத்துல பேசிக்கிட்டே போவோம். வேற எங்க போயிடுவாரு?" என்றாள் இவள்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே முன்னறை மூட்டைக் கிடங்காகிவிட்டது. சைக்கிள்களைக் கழற்றி அடைப்பதற்கு ஆளுயர அட்டைப்பெட்டிகள் இரண்டு வந்து சுவரோடு நின்றன. சமையலறைத் தராசு வரவேற்பறைக்குக் குடிபெயர்ந்தது. எடை, எடை என்று கணவருக்குப் பித்துப் பிடித்திருந்தது. பல் தேய்க்கும் பிரஷ் இரண்டையும் பாதியாக அறுத்துவிட்டார். "பிடி எதுக்கு? பல்லுக்குத் தேவை முடிதானே?" என்றார். "அப்ப பேஸ்ட்டையும் இப்பவே தேச்சுட்டுப் போயிடலாம், எடை மிச்சம்" என்றாள் அவள். இரண்டு மூடிக் கோப்பை வைத்த ஒரு பிளாஸ்க்கை அவள் எடுத்து வைத்திருந்தாள். வழியில் எங்காவது மர நிழலில் நிறுத்தி, இரண்டு பேருமாக ஆளுக்கொரு கோப்பை குடிக்கலாம் என்பது ஆசை. "வழியெல்லாம் கடை இருக்கும்மா" என்று அவர் அதை அலமாரிக்கே திருப்பி அனுப்பினார். சரி போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்பில்லாத மனிதர் என்று சொல்லிவிட முடியாது. அவளுடைய செயினுக்கு எண்ணெய் விடுவது அவர்தான். கனமான பைகளைத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவளுக்குப் பஞ்சுமூட்டை மாதிரி ஒன்றை ஒதுக்கினார். முட்டி வலிக்கக் கூடாதென்று அவளுக்காகத் தேடி அலைந்து இலகுவான கியர் மாற்றிவைத்தார். இவ்வளவு செய்கிறவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தால் என்ன என்றுதான் அவளுக்கு மனத்தாங்கல்.

அதனால் ஒன்றே ஒன்றில் மட்டும் அவள் பிடிவாதமாக நின்றாள். ஹேண்டில்பாரின் முனையில் மாட்டுகிற ஒரு வட்ட மிரர். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு.

"எனக்கு எதுக்கு மிரரு? நான் முன்னாடி பாத்து ஓட்டறவன்."

"பின்னாடி நான் வர்றேனே."

"நீ வருவேன்னுதான் எனக்குத் தெரியுமே!"

இந்தப் பதிலுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் கடையிலிருந்து வரும்போது தானே ஒன்று வாங்கி வந்தாள். அவரை சைக்கிளில் உட்கார வைத்து, பின்னால் தான் வருகிற இடம் தெரிகிற மாதிரி திருப்பி, குட்டித் திருப்புளியால் இறுக்கினாள். அவர் அதைத் தராசில் வைக்காமல் அனுமதித்ததே பெரிய விஷயம்.

நதிப்பாதை சொன்ன மாதிரியே அழகாக இருந்தது. கார் நுழையாத பாதை. இரண்டு சைக்கிள் அடுத்தடுத்துப் போகத் தாராளமான அகலம். முதல் நாள் காலையில் அவர் பக்கத்திலேயே வந்தார். அவள் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் பேச ஆரம்பித்தாள். அவர் "ம்" கொட்டினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய முன்சக்கரம் ஒரு சாண் முந்தியது. பிறகு ஒரு முழம். பிறகு ஒரு சைக்கிள் நீளம். வேண்டுமென்று செய்யவில்லை, கால் பழக்கம். அவள் பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டாள். மறுபடியும் முதுகு.

ஆனாலும் அவர் சைக்கிளில் அவள் மாட்டிய மிரர் இருந்தது. கரையோரப் படகின் மூக்கில் ஒரு நாய் மாலுமி தோரணையில் உட்கார்ந்து போனபோது, அவள் கையை உயர்த்திச் சுட்டிக் காட்டினாள். அவர் தலை அசைந்தது. பார்த்துவிட்டார்! அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நாரை நின்றால் காட்டினாள், துணி காயப்போட்ட ஜன்னலைக் காட்டினாள், ஒன்றுமில்லாதபோது சும்மா கையசைத்தாள். மிரரில் நன்றாகத் தெரிய வேண்டுமே என்று முதுகை நிமிர்த்திக்கொண்டாள். களைப்பாக இருந்தாலும் சிரித்துவைத்தாள். இரவு விடுதியில், "அந்த நாய் செம ஜோர் இல்ல?" என்றால், கைப்பேசியில் நாளைய வழியை விரலால் தேய்த்துக்கொண்டே, "ஆமா ஆமா" என்பார். அடுத்த நிமிடம் குறட்டை கேட்கும்.

எதிரே ஒருநாள் ஒரு ஜோடி வந்தது. இவர்கள் வயதுதான் இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் ஓட்டியபடி இருவரும் கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். பாஷை புரியவில்லை. அவள் சைக்கிளை நிறுத்தி, அவர்கள் திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சண்டையின் மீது அவளுக்கு அப்படியொரு பொறாமை வந்தது.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் பாதை நதியை விட்டு விலகி மேட்டில் ஏறியது. அவள் மிட்டாயைப் பிரித்தாள், தங்கத்தைத் தட்டிக்கொடுத்தாள். பாதி மேட்டில் கியர் மாற்றும்போது செயின் கழன்று தொங்கிவிட்டது. "ஏங்க!" என்று கூப்பிட்டாள். காற்று எதிர்த்து அடித்ததால் குரல் அவளுக்கே திரும்பி வந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். முன்னால் போகிற தலை வழக்கம்போல அசைந்தது. அசைந்துகொண்டே வளைவில் மறைந்தது.

பார்த்துவிட்டார், இதோ திரும்பி வருவார் என்று அவள் ஓரமாக நின்றாள். நிழல் இடம் மாறுகிற வரைக்கும் நின்றாள். யாரும் வரவில்லை. கடைசியில் தானே மண்டியிட்டு, திருப்புளியால் செயினை நெம்பி, விரலால் சக்கரப் பல்லில் ஏற்றினாள். கையெல்லாம் கரி.

உச்சியில் ஒரு பெஞ்சில் கணவர் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். பாதியை அவளுக்கென்று வைத்திருந்தார். "வந்துட்டியா? சரி, தின்னுட்டே கிளம்…" என்று எழுந்தவர் அவள் கையைப் பார்த்தார். "அடடா, செயினா? கூப்பிடக் கூடாதா?"

"கூப்பிட்டேன். கைய ஆட்டினேனே, மிரர்ல பாக்கலையா?"

"மிரர்லயா?"

அவள் அவருடைய சைக்கிளின் பக்கம் போனாள். ஓட்டும்போது அவர் முகம் இருக்கும் இடத்தில் தன் முகத்தை வைத்துப் பார்த்தாள். மிரரில் சாலை இல்லை. வியர்வை வழியும் ஒரு முகம்தான் இருந்தது, அவளுடையது.

"வெயில்ல மூக்கு உரியும்ல, க்ரீம் சரியாப் பட்டிருக்கான்னு பாக்கத் திருப்பினேன்" என்றார் அவர்.

"எப்ப?"

"முதல் நாளே. ஏன்?"

நாயும் நாரையும் ஜன்னலும் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. மேடுபள்ளத்தில் ஆடிய தலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். யாருமே பார்க்காத கையை இத்தனை நாள் ஆட்டியிருக்கிறாள். இடுப்புப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள்.

"ஏறி உக்காருங்க."

"நேரமாகுதும்மா."

"உக்காருங்க. எப்பவும் ஓட்டற மாதிரி. குனியாதீங்க, நேரா பாருங்க."

கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற குரல். அவர் ஏறி உட்கார்ந்தார். அவள் திருகைத் தளர்த்தி, மிரரை ஒரு மயிரிழை இப்படியும் ஒரு மயிரிழை அப்படியும் அசைத்து, இறுக்கினாள். பிறகு தன் சைக்கிளை பெஞ்சில் சாய்த்துவிட்டு, இவ்வளவு பாடுபட்டு ஏறி வந்த மேட்டில் திரும்பவும் கீழே நடக்க ஆரம்பித்தாள்.

"ஏய், எங்க போற?"

"திரும்பாதீங்க! மிரர்லயே பாருங்க."

வழக்கமாக அவருக்கும் அவளுக்கும் இருக்கிற தூரம் வந்ததும் நின்றாள். சாலையின் நட்டநடுவில் அவர் முதுகைப் பார்த்து நிமிர்ந்து நின்று, கரி படிந்த வலது கையை உயர்த்தினாள்.

"இப்ப தெரியுதா?"

அவர் தலை அசைந்தது. அவள் கையை இறக்கவில்லை.

"வாயத் திறந்து சொல்லுங்க!" என்று கத்தினாள்.