கைக்குத் தைத்ததைக் காலில் மாட்டியவன்

என் இடது கெண்டைக்காலில் நரம்பு புடைத்திருப்பதை முதலில் பார்த்தது நானில்லை, என் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவள், "இன்னாயா இது, காலுல மண்புழு ஓடுது" என்றாள். திரும்பிப் பார்க்க முயன்றேன். தன் கெண்டைக்காலின் பின்புறத்தைத் தானே பார்ப்பது சுலபமில்லை. எனக்கு நடுவில் தொப்பை வேறு. கடைசியில் அவளே போனில் படம் எடுத்துக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே நீலமும் பச்சையுமாக முறுக்கிக்கொண்டு கிடந்தது.

"வேலை செய்யிற ஒடம்பு, நரம்பு தெரியத்தான் செய்யும்" என்றேன்.

"அப்ப கையில தெரியணும். கால்ல இன்னாத்துக்குத் தெரியுது?"

வண்டிக்கு இன்னொரு முறை தண்ணீர் ஊற்றினேன்.

ஒரகடத்தில் பிரேக்குக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. செய்வது நானில்லை. செய்து வருவதை அளந்து பார்த்து, அளவு தப்பினதைச் சிவப்புப் பெட்டியில் போடுவது என் வேலை. ஷிப்டு முழுக்க நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். தலைமுடி கனம் கூடினாலும் குறைந்தாலும் விடமாட்டேன். லைன் ஆட்களுக்கு என்மேல் அதனால் அவ்வளவு பிரியம் கிடையாது. இப்படி அடுத்தவர் செய்ததை எல்லாம் அளந்து குறை சொல்லியே பிழைக்கிற நான், என் காலை அளக்கத் தோன்றாமல் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

சாயங்காலம் ஆனால் கால் கனக்கும். ஷூவைக் கழற்றினால் சாக்ஸின் மேல்விளிம்பு தோலில் பள்ளமாகப் பதிந்திருக்கும். டாக்டரிடம் போ என்று அவள் தினமும் சொன்னாள். நான் போகவில்லை. டாக்டர் முதலில் எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொல்வார் என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

காலுக்கு இறுக்கமாக ஏதோ மாட்டினால் சரியாகிவிடும் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி மருந்துக் கடைக்குப் போனேன். கடை நிறைய ஆள். கல்லாவுக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த முகங்களே நாலைந்து.

"காலுக்கு மாட்டுறது வேணும்" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"முட்டி வலியா சார்?" என்று கேட்டாள் கடைப்பெண்.

நரம்பு புடைத்திருக்கிறது என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வாய் வரவில்லை. முட்டி வலி கௌரவமான நோய்; விளையாடினவனுக்குக்கூட வரும். "ஆமா" என்றேன்.

"சைஸ் இன்னா சார்?"

"மீடியம்."

கல்யாணத்துக்குச் சட்டை எடுத்தபோது நான் மீடியம். அதற்குப் பிறகு என் உடம்புக்கு என்னவோ நடந்திருக்கலாம், என் வாய்க்கு அது தெரியாது.

வாங்கி வந்த முட்டி உறையை மறுநாள் கெண்டைக்காலில் மாட்டினேன். வலி அங்கேதானே இருக்கிறது என்பது என் கணக்கு. கெண்டைக்கால் மேலே பருத்து கீழே சிறுத்துப் போகிறது என்பதை உறை என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டது. மெல்ல மெல்ல இறங்கி, ஷூவுக்கு மேலே பந்தாகச் சுருண்டு உட்கார்ந்தது. ஷிப்டு முடிந்து கேட்டுக்கு வந்தபோது செக்யூரிட்டிக்காரர் என்னை நிறுத்தினார். வெளியே போகிறவர்கள் உதிரி பாகம் எதையும் ஒளித்து எடுத்துப் போகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. என் பேண்ட்டின் அடியில் ஒரு புடைப்பு.

"சார், கொஞ்சம் இப்டி ஓரமா வாங்க. பேண்ட்ட தூக்குங்க."

தூக்கினேன். பின்னால் கம்பெனி பஸ் முழுக்க ஆட்கள், ஜன்னல் வழியாகத் தலை நீட்டிக்கொண்டு. அவர் குனிந்து அந்தச் சுருளைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"முட்டிக்குப் போடுறது."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு முட்டி இங்கயா சார் கீது?"

அந்த வாரம் பஸ்ஸில் யாரும் என்னிடம் வேறு எதைப்பற்றியும் பேசவில்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டு பீரோவிலேயே ஒரு உறை இருந்தது. என் மனைவிக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். அதன்பிறகு அந்தப் பக்கத்துக் கை வீங்க ஆரம்பித்தது. வீக்கம் ஏறாமல் இருக்க மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் தோல் நிறத்தில் இறுக்கமான உறை ஒன்றைத் தினமும் மாட்டிக்கொள்வாள். ஸ்லீவ் என்பாள். கொஞ்ச காலத்தில் அதன் இழுவை தளர்ந்துவிடும், புதிதாக வாங்க வேண்டும். அப்படித் தளர்ந்த பழையதை அவள் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அவள் கண்ணெதிரிலேயே அதை எடுத்தேன்.

"அது கைக்கு அளவு எடுத்ததுயா."

"கையின்னா இன்னா, காலுன்னா இன்னா. ரெண்டும் மேல பெருசு, கீழ சின்னது. அதே ஷேப்புதான்."

"அப்ப என் ஜாக்கெட்ட பேண்ட்டா மாட்டிக்கினு வேலைக்குப் போ."

நான் கேட்கிற ஆளா. பவுடர் போட்டு, கட்டில் விளிம்பைப் பிடித்து, குதிகாலைத் தாண்டி அதை ஏற்றுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. மணிக்கட்டுக்கான பக்கம் கணுக்காலைக் கவ்விப் பிடித்தது. மேலே மிச்சமிருந்ததை முட்டிக்குக் கீழே இரண்டாக மடித்து விட்டேன். வலித்தது. வலிக்கிறது என்றால் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

டீ பிரேக்கின்போது பாதம் மரத்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் ஷூவுக்குள் என் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. நொண்டிக்கொண்டு முதலுதவி அறைக்குப் போனேன். அங்கே இருந்த நர்ஸுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஷூவையும் சாக்ஸையும் கழற்றியதும் விரல்கள் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன.

"என்னண்ணே இது, இது கைக்கு மாட்டுறதுல்லா. கால்ல எதுக்கு மாட்டுனீய?"

"வீட்ல இருந்துச்சும்மா."

"வீட்ல இருக்கதையெல்லாம் மாட்டுவீயளா?"

கழற்ற முடியவில்லை. கத்தரியை உள்ளே விட்டு நீளவாக்கில் வெட்டினார். ரத்தம் திரும்ப இறங்கியபோது ஆயிரம் எறும்பு ஒன்றாய்க் கடித்த மாதிரி இருந்தது. நான் சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு வாசகத்தை உற்றுப் படித்துக்கொண்டே பல்லைக் கடித்தேன்.

"மேல மடிச்சு வேற விட்டிருக்கீய. அது கயிறு கட்டுன மாதிரில்லா ஆயிரும்" என்றார் அவர், விரல்களைத் தேய்த்துவிட்டபடி. "காலுக்குன்னு தனியா உண்டுண்ணே. கணுக்கால்ல நல்லா இறுக்கி, மேல போகப் போக இறுக்கம் குறையும். எவ்வளவு இறுக்கம் வேணும்னு டாக்டர்தான் சொல்லணும். காலுக்கு ரத்தம் ஒழுங்கா வருதான்னு பாக்காம எதையும் மாட்டக்கூடாது."

வெட்டிய ஸ்லீவை டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி அதை விரித்துப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன நடந்தது என்று சொல்லச் சொல்ல இன்னும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு லீவு போடு. எனக்கும் புதுசுக்கு அளவு குடுக்கணும், ரெண்டு பேரும் போவோம்" என்றாள்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டர் என் பாதத்தின் மேலே விரல் வைத்து நாடி பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இரண்டு காலிலும் நரம்பின் வால்வு தளர்ந்திருக்கிறது, முழங்கால் உயரத்துக்குக் காலுறை போதும் என்றார். எடை மெஷினில் ஏறவும் சொன்னார். நான் பயந்தது சரிதான். காலைப்பற்றிப் பேசியதைவிட வயிற்றைப்பற்றித்தான் அதிகம் பேசினார்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இந்த உறைகள் விற்கிற கடை. அளவு எடுக்கும் அம்மா முதலில் கேட்டது, "எழுந்து எவ்ளோ நேரம் ஆச்சு?" காலையிலேயே வந்தது நல்லது, நின்று வீங்கின பிறகு அளந்தால் தப்பாகிவிடும் என்றார். கணுக்காலின் மெலிந்த இடம், கெண்டையின் பருத்த இடம், தரையிலிருந்து முட்டிக்குக் கீழ் வரைக்கும் உயரம் என்று டேப்பை வைத்துக்கொண்டே போனார். என் மனைவிக்கு மணிக்கட்டு, முன்கை, மேல்கை என்று வேறு இடங்கள். விரலும் லேசாக உப்பியிருக்கிறது, ஸ்லீவ் மட்டும் போட்டால் வீக்கம் விரலுக்கு இறங்கிவிடும், டாக்டரைக் கேட்டுவிட்டு உள்ளங்கை உறையும் சேர்த்துப் போட வேண்டும் என்றார்.

"சாருக்கு எக்ஸ்எல்" என்றார் கடைசியில்.

"மீடியம்னு சொல்லிகினு இருந்தாரு" என்றாள் என் மனைவி, எந்த அவசியமும் இல்லாமல்.

வந்ததற்கு இதையும் கேட்டுவிடலாம் என்று, "வயித்துக்கு எதுனா இருக்கா?" என்றேன்.

"ஆபரேஷன் ஆனவங்களுக்கு ஒரு பெல்ட் கீது. இடுப்பு வலிக்கு வேற. உங்களுக்கு எதுக்கு சார்?"

"சும்மா. உள்ள போறதுக்கு."

அந்த அம்மா என் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். "அதுக்கு நடக்கணும் சார்" என்றார் அந்த அம்மா.

புதுக் காலுறையை மாட்டுவதுதான் பெரிய வேலை. காலையில் எழுந்து கால் வீங்குவதற்கு முன்னால் மாட்ட வேண்டும். முதல் நாள் கட்டிலில் உட்கார்ந்து குனிந்தேன், வயிறு தடுத்தது. மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கினேன், கை எட்டவில்லை. பக்கவாட்டில் உருண்டு பார்த்தபோது என் மனைவி பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையோடு வந்து நின்றாள். சொரசொரப்பான ரப்பர், துணியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். உறையின் குதிகால் என் குதிகாலில் உட்காரும்படி பார்த்து, வலது கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக நீவி ஏற்றினாள்.

முடிந்ததும் தன் புது ஸ்லீவை எடுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுகையால் இழுக்க ஆரம்பித்தாள்.

"இப்டியா தெனம் மாட்டுற?"

"வேற எப்டி மாட்டுறது?"

இத்தனை வருஷமாக அந்த நேரத்தில் நான் குளித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் பாட்டுப் பாடிக்கொண்டு. ரப்பர் கையுறையை வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்லீவை நான் மாட்டிவிட்டேன். ஒழுங்காக மாட்டவில்லை, முழங்கை மடிப்பில் சுருக்கம் விழுந்துவிட்டது. "சுருக்கம் வுடாத, அங்கதான் இறுக்கும். நீவி வுடு" என்று மூன்று தடவை கழற்ற வைத்தாள். என்னைச் சிவப்புப் பெட்டியில் போடாததுதான் பாக்கி.

இப்போது கால் கனப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. நரம்பு அப்படியேதான் தெரிகிறது, வயிறும்தான். காலையில் ஒருவர் மாற்றி ஒருவர் இழுத்துவிட்டுக்கொள்கிறோம். அவள் என் காலை முடிக்கும்வரை காபியைத் தொடவிடமாட்டாள். கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது எனக்கு இரண்டாவது கால் பாதியில் நிற்கும், அவளுக்கு உள்ளங்கை உறை பாக்கி இருக்கும். டிரைவருக்குப் போன் போட்டு ஒரு நிமிஷம் நிற்கச் சொல்கிறேன். எதற்கு என்று மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.